காலி பாக்கெட் கொடுத்தால் ஷாம்பு: கடைக்காரர்களைக் கடலூர்க்காரர் பிடித்தது எப்படி?

கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து வெளியேறி 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கியதுதான் இன்றைய கெவின்கேர். எந்த கம்பெனி ஷாம்புவானாலும் சரி, 5 காலி பாக்கெட்டுக்கு ஒரு ‘சிக்’ பாக்கெட் இலவசம் என்றார். பிறகு, ‘சிக்’ காலி பாக்கெட் மட்டுமே செல்லும் என்று மாற்றினார்.

லாபம் கடைக்காரருக்கும்தான். காலி பாக்கெட்டோடு வருகிறவர் சோப்போ எண்ணெயோ வாங்காமலா போவார்? ‘வித்துக் கொடுங்க’ன்னு கெஞ்சுவதைவிட, கடைக்கு ஆளை வரவழைப்பது மேல் இல்லையா?

சிதம்பரம் தேர் வீதிக் கடைகளுக்கு நீங்கள் ஊறுகாய் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வசூலுக்கு மட்டும் தலைகாட்டினால், அண்ணாச்சி ‘அப்புறம் பார்க்கலாம்’னுதான் சொல்வார். விற்காத பாட்டில்களை, காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நீங்களாகப் போய் மாற்றிக் கொடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.