இரட்டைக் கன்றில் பிறந்த கிடாரியும் பிறவி மலடும்

கொங்கு நாட்டில் கொறங்காட்டை நம்பிக் காங்கேயம் மாடு வளர்க்கும் குடியானவர்க்குக் கிடாரிக் கன்றே நாளைய முதலாகும். அது முதற்கன்று ஈன ஏறக்குறைய மூன்றரை ஆண்டு செல்லும். உரிய வயதில் பருவத்திற்கு வராத கிடாரிக்குத் தீனியைக் கூட்டுதலும், மருந்து புகட்டுதலும், கண்ணேறு கழித்தலும் வழக்கம். தீனிக் குறைவாலும் தாது உப்புக் குறைவாலும் நேரும் மலடு பெரும்பாலும் நீங்கும். பிறவியில் அமைந்த மலடோ எதனாலும் நீங்காது. ஆதலின் அதனைக் கன்றுப் பருவத்திலேயே கண்டறிதல் நலம்.

இரட்டைக் கிடாரி: ஒரே ஈற்றில் காளைக் கன்றுடன் பிறந்த கிடாரிகளுள் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை மலடாகும். கருப்பையில் இரு கருக்களின் நச்சுக்கொடிக் குழாய்கள் கூடி இரத்தம் கலப்பதே இதன் காரணம். காளைக் கருவின் விரையில் ஊறும் சுரப்பு நீர், கிடாரியின் சூற்பையை வளரவொட்டாமல் தடுக்கிறது. இவ்வுண்மையை அமெரிக்க அறிஞர் லில்லி 1917-இல் விளக்கினார். இத்தகைய கிடாரியின் இரத்தத்தில் ஆண், பெண் ஆகிய இருவகைக் குரோமோசோம்களும் காணப்படும். இது தாயின் குற்றமன்று, வழிவழியாக வருவதுமன்று. தாய்ப்பசுவை விற்க வேண்டுவதில்லை. இரண்டும் கிடாரியாயின் அச்சமில்லை.

இதன் அடையாளங்கள்: பெண்குறி சிறுத்திருத்தல், அதன் நுனியில் மயிர்க்கற்றை நீண்டிருத்தல், உட்புழை குறுகி நீளம் குறைந்திருத்தல் ஆகியன. உட்புழையைக் கால்நடை மருத்துவரே அளத்தல் வேண்டும். ஐயமாயின் இரத்தப் பரிசோதனை உண்மையை உணர்த்தும்.

குலவழி மலடு: இது வேறு வகை, இதனால் விளையும் கேடும் பெரிது. சுவீடன் நாட்டு மலைமாடுகளில் பிறவியிலேயே சூற்பை சிறுத்துப்போகும் குறை பரவியிருந்தது. பெரும்பாலும் இடப்புறச் சூற்பையே சிறுத்திருந்தது. இரு புறமும் சிறுத்தால் மலடு வெளிப்படும். ஒரு புறம் மட்டுமாயின் பசு கன்று ஈன்று, அக்குறையைத் தன் வழியினருக்கும் அளித்துவிடும். காளைகளிலும் இது விரைச் சிறுமையாகத் தோன்றியது. குறையுள்ளவற்றை இனவிருத்தியினின்று விலக்கிய பின்னரே அங்கு இக்குறை தணிந்தது. ஒரு பசு தன் ஆயுளில் சில கன்றுகளையே ஈனும். பொலிகாளையோ ஊர் முழுவதற்கும் தந்தையாகும்.

ஆதலின் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை:

1. இரட்டைக் கன்று பிறந்தால் நாளையும், கன்றுகள் ஆணா பெண்ணா என்பதையும் குறித்து வைத்தல்.

2. கண்ணபுரம், அந்தியூர் முதலிய சந்தைகளில் கிடாரி வாங்குவோர், அது ஒற்றைக் கன்றா இரட்டையா என்று முதலில் வினவுதல். விற்பவர் அதனை மறைத்தல் அயலாரின் மூன்றாண்டு உழைப்பைக் கவர்வதாகும்.

3. காளையுடன் பிறந்த கிடாரியைச் சோதிக்கும் முன் கறவைக்கென வளர்க்காதிருத்தல்.

4. இரு விரையும் ஒத்து வளராத காளையைப் பொலிகாளையாக விடாதிருத்தல்.

5. ஒரே காளையின் வழிக் கிடாரிகள் பல சினைப்படாவிடில், தீனியைக் குறை கூறுமுன் அக்காளையைச் சோதிப்பித்தல்.

பிறந்த அன்றே எழுதி வைக்கும் ஒரு வரிக் குறிப்பு, மூன்றாண்டுத் தீனிச் செலவை மிச்சப்படுத்தும்.