அரங்கில் அரசியர் – 6: ஐந்தாம் அங்கம் அவளுக்கு

குதிரைமலையில் அல்லி அரசாண்டாள் என்ற ஐதீகம் நம்மவர்களிடம் இன்றும் உண்டு. ஆண்களை அண்டவிடாமல் நாட்டை ஆண்டவள். ஆனால் கதையில் அருச்சுனன் பாம்பாக உருமாறி அவள் கட்டிலுக்கு வருகிறான். உறங்கும்போதே தாலி கட்டிவிடுகிறான். சினந்து எழுந்தாலும் கடைசியில் அவள் அடங்குகிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் மேடையேற்றிய இந்தக் கதையின் முடிவை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை.

ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால நாடகாசிரியர்களும் பழைய உலகத்து அரசியரைத் தேடித் தேடி எடுத்தார்கள். மார்லோவின் டைடோ, காதலன் ஏனியஸ் கைவிட்டுப் போனதும் தீயில் விழுகிறாள். 1606இல் வந்த மார்ஸ்டனின் சோஃபோனிஸ்பா, ரோமுக்குக் கைதியாகப் போகாமல் நஞ்சருந்துகிறாள். பிளெட்சரோ, ரோமரை எதிர்த்த பிரித்தானிய அரசி பூடிக்காவின் பெயரில் நாடகம் எழுதிவிட்டு, தோல்விப் பழியை அவள் தலையிலும் புகழை அவளுடைய தளபதியிடமும் வைத்தார். அரசி செத்தால் போற்றுவார்கள். படை நடத்தினால் பழிப்பார்கள்.

இந்த ஆர்வத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டவள் மணமாகாத எலிசபெத். அவளைப் பற்றி மேடையில் பேசுவது ஆபத்து; ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய எகிப்து அரசியைப் பற்றிப் பேசலாம். அதிலும் பயம் விடவில்லை. ஃபுல்க் கிரெவில் என்ற பிரபு அந்தோனி, கிளியோபாட்ரா பற்றித் தாம் எழுதிய நாடகத்தை, நடப்பு அரசியலைக் குத்திக்காட்டுவதாக யாரும் பொருள் கொண்டுவிடுவார்களோ என்று தாமே எரித்தார்.

எலிசபெத் மறைந்து சில ஆண்டுகளில் சேக்ஸ்பியர் அதே கதையை எடுத்தார். புளூட்டார்க்கின் வரலாறுதான் மூலம். ஆனால் அமைப்பைப் பாருங்கள். நான்காம் அங்க முடிவிலேயே அந்தோனி இறந்துவிடுகிறான். நாயகன் போனபின் ஓர் அங்கம் முழுவதும் மிச்சம். அது முழுக்கக் கிளியோபாட்ராவுடையது. அவளை ரோம வீதியில் ஊர்வலமாக இழுத்துப்போக நினைக்கிறான் அந்தோனியை வென்ற ஒக்டேவியஸ். அங்கே கீச்சுக்குரல் பையன் ஒருவன் தன்னை மேடையில் நடித்துச் சிறுமைப்படுத்துவான் என்று அவள் அருவருக்கிறாள். அன்று இலண்டன் மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. இதைச் சொல்லி நின்றவனே பெண்வேடமிட்ட ஒரு பையன்தான். எவ்வளவு துணிச்சலான எழுத்து! பிறகு அவள் பட்டாடையும் முடியும் கேட்டு வாங்கி அணிந்து, நாகத்தைத் தன் கையால் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அவளும் சாகத்தான் செய்கிறாள். ஆனால் டைடோவைப் போல ஒருவன் விட்டுப்போனதால் அல்ல. வென்றவனின் திட்டத்தை முறியடிக்க. அல்லியிடம் திருட்டுத்தனமாக வந்த பாம்பு இங்கே அரசியின் ஆயுதம்.

கொழும்பும் ஆண்களின் பெண்வேடத்தைக் கண்ட ஊர்தான். 1911இல் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கு வந்து நாடகம் போட்டது. ஸ்திரீபார்ட்டும் ஆண்களே. அந்த உந்துதலில் இங்கே லங்கா சுபோத விலாச சபை பிறந்தது. சம்பந்த முதலியார் சேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்கு ஆக்கியவர்: ஹாம்லெட் அமலாதித்தனானான், சிம்பலின் சிம்ஹளநாதனானான்.

அந்த வழியில் இன்னும் போகவேண்டிய தூரம் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நாடகம் பழகும் இளையவர்களிடம் என் வேண்டுகோள் இது: அந்த ஐந்தாம் அங்கத்தை மட்டுமாவது தமிழில் ஆக்குங்கள். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மேடையில், நம் பெண்ணொருத்தி கிளியோபாட்ராவாக நடிக்கட்டும்.

(தொடரும்)