உங்களுக்குத் தெரியுமா? பழைய குப்பைமேட்டில் ஒரு பறவைக்காடு

கலிஃபோர்னியாவின் வடபகுதியில், ஹம்போல்ட் விரிகுடாவை ஒட்டிய சிற்றூர் ஆர்க்காட்டா. 1970-களில் வட்டாரம் முழுவதுக்கும் பொதுவாக ஒரு பெரிய கழிவுநீர் நிலையம் கட்டும் திட்டம் வந்தது. செலவைக் கேட்டு ஊர் மலைத்தது. தன் வழியைத் தானே தேடியது. பழைய குப்பைமேடும் மரஅறுவை ஆலைகள் விட்டுப்போன நிலமும் சதுப்பாயின. 1981-இல் திறந்தார்கள்.

இங்கே வரும் வீட்டுச் சாக்கடையில் முதலில் மண்ணும் கசடும் பிரிகின்றன. பிறகு அகன்ற குளங்களில் நீர் நாள்கணக்கில் வெயில் காய்கிறது. பாசி ஆக்சிஜன் தர, பாக்டீரியா அழுக்கைத் தின்கிறது. அடுத்து சம்பும் கோரையும் அடர்ந்த சதுப்பு. செடிதான் அழுக்கை உறிஞ்சுகிறது என்று நாம் நினைப்போம். பெரும்பகுதி வேலை அதனுடையதல்ல. தண்டுகளில் வழவழவென்று படிந்த நுண்ணுயிர்ப் படலம்தான் உழைக்கிறது. செடி நிழல் விரித்துப் பாசியை அடக்குகிறது, ஓட்டத்தைத் தணித்து மிதக்கும் துகளைப் படியவைக்கிறது. கிருமிகளை மட்டும் தனியாக அழிக்கிறார்கள். அதன் பிறகே நீர் விரிகுடாவுக்குப் போகிறது.

இதற்கெல்லாம் முன்பே, ஹம்போல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், சுத்திகரித்த கழிவுநீரோடு கடல்நீரைக் கலந்து, ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் சால்மன் மீன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருந்தார்! இன்று அந்தச் சதுப்பில் 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. சாக்கடையைப் பார்க்கத் தொலைநோக்கியோடு வருகிறார்கள் மக்கள். ஊர்க்காரர்களின் முழக்கம் என்ன தெரியுமா? ‘பெருமையோடு தண்ணீர் ஊற்றுங்கள்’ — கழிப்பறையில்தான்.