ரசீதின் அடிவரி சட்டமல்ல: ஸூம் லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று மலாயில் அச்சிட்ட ஒரு வரி, கோலாலம்பூர்க் கடைகள் பலவற்றின் ரசீதில் அடியில் கிடக்கும். மூவாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய ஸூம் லென்ஸ் ஒரு பக்கம் மங்கலாகப் படம் எடுக்கிறது என்று கொண்டுபோனால், கடைக்காரர் அந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். பலர் அத்தோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், தான் கொடுக்கும் உரிமைகளை எந்த ஒப்பந்தத்தாலும் அறிவிப்பாலும் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படிப் பறிக்க முயல்வதையே குற்றமாக்கியும் வைத்திருக்கிறது.

ஆனால் சட்டம் இருந்தால் போதாது. குறை இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். சலவை இயந்திரம் ஓடவில்லை என்றால் யாருக்கும் தெரியும். லென்ஸின் கதை வேறு. "உங்க கை ஆடியிருக்கும்", "வெளிச்சம் பத்தலை", "உங்க கேமராதான் சரியில்லை" என்று கடைக்காரர் சொல்லப் பத்துப் பதில்கள் இருக்கின்றன, அவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே வாங்கும் நாளில் லென்ஸைச் சோதித்துப் பார்ப்பது படக் கலைக்காக மட்டும் செய்கிற வேலையல்ல. பின்னால் வழக்கு என்று வந்தால் கையில் இருக்கும் சாட்சியும் அதுவே.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கேனனும் நிக்கானும் 2018இல் கண்ணாடியில்லா முழுச்சட்டகக் கேமராக்களுக்குப் புதிய வரிசைகளைத் தொடங்கின. கேனன் இஓஎஸ்-1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 இரண்டும் 2020இல் வந்தன. அந்தத் தரத்தில் டிஎஸ்எல்ஆர் கேமரா அதன்பின் அந்த நிறுவனங்களிடமிருந்து வரவில்லை. கல்யாணப் படம் எடுப்பவர்கள் புதிய வகைக்கு மாற மாற, அவர்களுடைய 24-70, 70-200 லென்ஸ்கள் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. புடு பிளாசா, லோ யாட் பிளாசா பக்கத்துக் கடைகளில் ஒரு பகுதி, மூடா, கேரோசல், பேஸ்புக் விற்பனைப் பக்கங்களில் இன்னொரு பகுதி. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கும் இளைஞருக்கு இது நல்ல காலம். ஏமாறுவதற்கும் நல்ல காலம்தான்.

கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி "எத்தனை மடங்கு ஸூம்?" என்பதாக இருக்கும். அது அவ்வளவு முக்கியமில்லை. கோயில் மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஃபிளாஷ் போடாதே என்று குருக்கள் சொல்லிவிட்டால், கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் தன் நீள முனையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 2.8 லென்ஸ் அதே இடத்தில் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விலையும் எடையும் அதனால்தான் ஏறுகின்றன. தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் காவடியைத் தூரத்திலிருந்து எடுக்க 70-200 வேண்டும்; நெரிசலுக்குள்ளேயே நிற்பவருக்கு அது வெறும் சுமை. 18-300 போன்ற ஒரே லென்ஸ் எல்லாவற்றையும் செய்யும் என்பார்கள். செய்யும், எதையும் நன்றாகச் செய்யாது என்பது என் கருத்து. பயணம் போகிறவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

மடங்கைவிடப் பெரிய பிரச்சினை பொருத்தம். கேனனின் இஎஃப்-எஸ் லென்ஸ் முழுச்சட்டக இஎஃப் கேமராவில் மாட்டாது. நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் குவிய மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால் திருகிக் குவிக்க வேண்டியதுதான். ஏஎஃப்-பி லென்ஸ்களோ பழைய நிக்கான் பாடிகள் பலவற்றில் குவியாது. இவை குறைகளல்ல, லென்ஸின் இயல்பு. சும்மா வாங்கிவந்து "வேலை செய்யவில்லை" என்றால் சட்டம் கைகொடுக்காது. அதே சமயம், நீங்கள் எந்தப் பாடிக்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லி, கடைக்காரர் "பொருந்தும்" என்று விற்றிருந்தால் கதை மாறுகிறது. சொன்ன பயனுக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு. அதனால் "தவுக்கே, இது நிக்கான் டி5300க்குத்தான், ரசீதில எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.

நம் ஊரில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. கடைகளில் பங்கஸ் என்றே சொல்வார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அலமாரியிலும் துணிப் பையிலும் மாதக் கணக்கில் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் படரும். ஆரம்பத்தில் படத்தில் எதுவும் தெரியாது. முற்றினால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்கும். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் சுத்தம் செய்த பிறகும் தழும்பு போகாது. பார்க்கும் வழி எளிது: இரு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் லைட் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒளி கண்ணைக் கூசவைக்கும், இழை தெரியாது, சாய்த்தால்தான் தெரியும். ஸூமை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பியபடியே பாருங்கள், உள்ளே கண்ணாடிகள் நகரும்போது மறைந்திருந்தவை வெளிப்படும். இரண்டு மூன்று தூசிப் புள்ளிகளுக்காக நல்ல லென்ஸைத் தள்ளிவிட வேண்டாம். ஸூம் லென்ஸ் நீளும்போது காற்றை இழுக்கிறது, காற்றோடு தூசியும் வரும்.

டார்ச் சோதனையை வாங்கும் அன்றே செய்யாமல் ஆறு மாதம் கழித்துச் செய்தால், பங்கஸ் உங்கள் வீட்டில் வளர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். மறுப்பது கடினம்.

அடுத்து கூர்மைச் சோதனை. 'மக்கள் ஓசை'யோ 'மலேசிய நண்ப'னோ, ஒரு நாளிதழின் விரித்த தாளைச் சுவரில் ஒட்டுங்கள். பொடி எழுத்துகள் சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் இருக்க வேண்டும். கேமராவை டிரைபாடில், அது இல்லையென்றால் மேசையில், சுவருக்கு நேராக வைத்து, நடுக்கத் தடுப்பை அணைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுங்கள். ஸூமின் குறுகிய முனை, நடு, நீள முனை என்று மூன்று இடங்களில், அப்பர்ச்சர் முழுதும் திறந்து ஒரு படம், எஃப் 8இல் ஒரு படம். பிறகு திரையில் பெரிதாக்கி மூலைகளை ஒப்பிடுங்கள். நான்கு மூலைகளும் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம். விலை குறைந்த ஸூம்களில் அப்படித்தான் இருக்கும், புகார் செய்ய இடமில்லை. இடப் பக்கம் கூர்மையாகவும் வலப் பக்கம் குழம்பியும் இருந்தால், அல்லது ஒரே ஒரு மூலை மட்டும் கரைந்து போயிருந்தால், முதலில் கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே பக்கம்தான் மங்கல் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களிலும் தொழிற்சாலையில் சரியாகக் கோக்கப்படாதவற்றிலும் இது வரும். இது குறை. நடுவர் முன்னால் வைத்து விளக்கக்கூடிய குறை.

டிஎஸ்எல்ஆருக்கே உரிய இன்னொரு சோதனை உண்டு. வியூஃபைண்டர் வழியாகக் குவித்து ஒரு படம், பின்திரையில் லைவ் வியூவில் குவித்து ஒரு படம். பின்திரைப் படம் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வந்தால், லென்ஸும் பாடியும் குவியத்தில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். உயர்ரகப் பாடிகளில் மெனுவிலேயே திருத்தலாம். தொடக்கநிலைப் பாடிகளில் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும். லென்ஸின் மேல் பழியைப் போடும் முன் வேறொரு லென்ஸை மாட்டியும் பாருங்கள், கோளாறு பாடியில் இருக்கலாம்.

ஸூம் வளையம் நடுவில் எங்காவது இடறுகிறதா, பின் உலோக வளையத்தின் திருகுகளில் கீறல் இருக்கிறதா, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்கம் தெரிகிறதா என்பதெல்லாம் ஒரு நிமிட வேலை. திருகில் கீறல் என்றால் யாரோ பிரித்திருக்கிறார்கள், காரணம் கேளுங்கள்.

புதிய லென்ஸ்தானே, பெரிய நிறுவனம்தானே என்று இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது. கேனனின் 24-105 எஃப் 4எல் 2005இல் சந்தைக்கு வந்தபோது, முதல் தொகுதி லென்ஸ்களில் குறிப்பிட்ட கோணத்தில் வெளிச்சம் விழுந்தால் படத்தில் ஒளிக்கறை தெரிந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு அவற்றை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. எந்த லென்ஸ் அந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று அறியக் குறியீட்டு எண்தான் வழி. உங்கள் லென்ஸின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியிலும் வாரண்டி அட்டையிலும் ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைப் படங்களை அழிக்காதீர்கள். எந்த நாள், எந்தக் குவிய நீளம், எந்த அப்பர்ச்சர் என்ற விவரம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. கேமராவின் கடிகாரம் சரியான தேதியில் ஓட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வாரண்டி விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல் நேரடியாக இறக்குமதியான பொருளைக் கடைகளில் 'ஏபி செட்' என்பார்கள். விலை குறையும், நிறுவனத்தின் மலேசிய வாரண்டி பொதுவாக இருக்காது, கடையே ஒரு வாரண்டி தரும். ஆனால் வாரண்டி அட்டை வேறு, சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32ஆம் பிரிவு. சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 34ஆம் பிரிவு. இரண்டுக்கும் விற்ற கடையே பொறுப்பு, அது ஏபி செட் ஆனாலும் சரி. 'ஏழு நாள் வாரண்டி' என்று எழுதிக் கொடுத்ததால் எட்டாம் நாள் இந்த உரிமை செத்துவிடாது. பழைய பொருள் விற்கும் கடைக்கும் இது பொருந்தும். தரத்தை மட்டும் விலைக்கும் வயதுக்கும் ஏற்ப எடைபோடுவார்கள். வாங்கும் முன்பே "உள்ளே கொஞ்சம் பங்கஸ் இருக்கு" என்று காட்டி விற்ற லென்ஸில் அதே பங்கஸைக் காரணம் காட்டித் திருப்ப முடியாது.

குறை தெரிந்ததும் லென்ஸைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நாலு கல்யாணம் எடுத்து முடித்துவிட்டுத் திருப்பப் போனால் உங்கள் பக்கம் பலவீனமாகும். திருப்பும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கடைக்கு எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் என்றாலும் பரவாயில்லை: என்ன குறை, எந்தப் படத்தில் தெரிகிறது, பழுது பார்த்தலா மாற்றித் தருதலா பணமா எது வேண்டும் என்று. கடை பழுதுபார்க்க மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, அல்லது விவரம் தெரிந்திருந்தால் யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள் என்கிற அளவுக்குக் குறை பெரிதாக இருந்தாலோ, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். மனம் மாறிவிட்டது, அடுத்த கடையில் மலிவு என்பவையெல்லாம் காரணமாகா.

கடை மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். 2019 வரை இந்த வரம்பு 25,000தான். பாரம் 1 நிரப்ப வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை, கடைக்கும் இல்லை. அதனால் பெரிய கடையும் நீங்களும் ஒரே மேசையில் உட்காருகிறீர்கள். முதல் விசாரணை நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றவாளியாகிறார், அபராதமும் சிறையும் உண்டு. லென்ஸையும், உங்கள் பாடியையும், பெரிதாக்கி அச்சிட்ட மூலைப் படங்களையும் எடுத்துப் போங்கள். படம் எடுத்துச் சம்பாதிப்பவர் பயனீட்டாளர் ஆவாரா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். சட்டம் முக்கியமாக விலக்குவது மறுவிற்பனைக்கு வாங்குபவரை. ஆகவே வாதத்துக்கு இடமிருக்கிறது, பயந்து ஒதுங்க வேண்டாம். மனு போடும் முன் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். தமிழில் கேட்டறிய விரும்புவோருக்கு, 'பயனீட்டாளர் குரல்' வெளியிடும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

இவ்வளவும் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான். மூடாவிலோ பேஸ்புக்கிலோ தனிநபர் ஒருவர் தன் சொந்த லென்ஸை விற்றால் அவர் வியாபாரி அல்ல. நடுவர் மன்றம் அவரைத் தொடாது. மிஞ்சுவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறை, 5,000 வெள்ளி வரை. ஆகவே அங்கே சோதனைதான் உங்கள் ஒரே பாதுகாப்பு. நேரில் சந்தியுங்கள். கேஎல் சென்ட்ரல் போல வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம் நல்லது. சொந்தப் பாடியும் டார்ச்சும் நாளிதழும் கொண்டுபோங்கள். பழைய ரசீதைக் கேளுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் உங்கள் பணமும் போகும், போலீஸ் நிலையத்துக்கும் அலைய வேண்டும். "இன்னொருத்தர் கேட்கிறார், முன்பணம் போடுங்க" என்றால் விட்டுவிடுங்கள். கணக்கு எண்ணைப் போலீசாரின் 'செமாக் மியூல்' பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாகக் காட்டினாலும் முழு உத்தரவாதமில்லை, புதிய மோசடிக் கணக்கு அதில் இன்னும் ஏறியிருக்காது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகும் முன் நிறுத்தும் வாய்ப்பு அந்த முதல் மணி நேரத்தில்தான். பிறகு போலீஸ் புகார்.

ஷோப்பி, லசாடா வழி வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், செயலிக்கு வெளியே பணம் கட்டாதீர்கள், நாளிதழ்ச் சோதனை முடியும்வரை 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

ஏற்கெனவே குறையுள்ள லென்ஸ் வாங்கி மூலையில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு: நடுவர் மன்றத்தில் மனுச் செய்யக் கால வரம்பு 3 ஆண்டு. ரசீதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அவகாசம் இருந்தால் இந்த வாரமே பாரம் 1ஐ நிரப்பிவிடுங்கள்.