ஏரிச் சங்கத்துக்கு ஊராட்சியில் இடம் உண்டா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து புதுச்சேரி நோக்கிச் செல்வோர் கூனிமேட்டில் சற்று நின்று பார்க்கலாம். கிழக்கே கடல், மேற்கே கழுவெளி. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலை அடைகிறது. மேலே ஓர் ஏரியின் கரை உடைந்தால் கீழேயுள்ள வயல்கள் மூழ்கும். அதே ஏரி தூர்ந்துபோனால் கோடையில் கிணறுகளில் உப்பு ஏறும். ஆனால், அந்த ஏரிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. மண் அரிப்பைத் தடுக்கும் பணி வேளாண் பொறியியல் துறையைச் சேர்ந்தது. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளி, 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டதால் அது வனத் துறையின் பொறுப்பு. நீர் இந்த எல்லைகளை அறியாது.

இத்துறைகளுக்கு நடுவே விவசாயிகளுக்கென்று சட்டபூர்வமான அமைப்பு ஒன்றும் இருக்கிறது: நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம். விவசாயிகள் பாசன அமைப்புகளைத் தாங்களே மேலாண்மை செய்வதற்காகத் தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி அமைவது இது. இதன் எல்லை, கிராம எல்லையைப் பின்பற்றாமல் பாசன எல்லையைப் பின்பற்றுகிறது. அதுவே இதன் பெரும் பலம். உலக வங்கியின் கடனுதவியுடன் 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தில் இத்தகைய சங்கங்கள் ஏராளமாக உருவாயின. திட்டப் பணம் வந்தவரை கூட்டங்கள் நடந்தன. பின்னர் பல சங்கங்கள் பெயர்ப்பலகையாகச் சுருங்கின. நிரந்தர வருவாயோ ஊழியரோ இல்லாத அமைப்பு வேறு எப்படி இருக்கும்?

அரசமைப்புச் சட்டம் காட்டும் வழி வேறு. 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது அட்டவணையின் 29 இனங்களில் மண்வளப் பாதுகாப்பு இரண்டாவது இனத்திலும், சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்வடிப்பகுதி மேம்பாடு ஆகியவை மூன்றாவது இனத்திலும் இடம்பெற்றுள்ளன. மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டு நெறிமுறைகள், நீர்வடிப்பகுதிக் குழுவைக் கிராம சபையே அமைக்க வேண்டும் என்கின்றன. ஆக, மேட்டில் தடுப்பணை கட்டும் குழு கிராம சபைக்குப் பதில் சொல்கிறது. அந்த அணையைத் தாண்டிவரும் நீரைத் தேக்கும் ஏரியின் சங்கம் பதில் சொல்வதில்லை. இரண்டுக்கும் மழை ஒன்றுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1930-களின் புழுதிப் புயல்களில் மேல்மண்ணை இழந்த அமெரிக்காவில், 1937-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மாநில ஆளுநர்களுக்கு மாதிரிச் சட்டம் ஒன்றை அனுப்பினார். அதன் விளைவாக மண்வளப் பாதுகாப்பு மாவட்டங்கள் என்ற தனி அமைப்புகள் தோன்றின. முதலாவது அதே ஆண்டில் வட கரோலினாவில் அமைந்தது. பிற்காலத்தில், உள்ளாட்சியாகிய கவுண்டியுடன் இவற்றை எப்படி இணைப்பது என்ற கேள்வி எழுந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1982-இல் இம்மாவட்டங்களைக் கலைத்து, பணியைக் கவுண்டியின் குழுவிடம் ஒப்படைத்தது. வட கரோலினாவிலோ மாவட்டம் தனி அமைப்பாகவே நீடிக்கிறது. அதன் மேற்பார்வையாளர்களில் மூவரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஊழியர்களில் பெரும்பாலோர் கவுண்டியின் சம்பளப் பட்டியலில் இருக்கின்றனர். முன்னது கரைத்துவிடுதல், பின்னது இணைத்துக்கொள்ளுதல்.

நமக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் கருத்து. சங்கத்தை ஊராட்சிக்குள் கரைத்துவிட்டால் பாசன எல்லை மறைந்துபோகும். ஓர் ஏரியின் நீர் மூன்று ஊராட்சிகளின் வயல்களுக்குப் பாயும்போது எந்தத் தலைவர் மதகைத் திறப்பார்? மேலும், 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். ஊராட்சியில் தேர்தல் தள்ளிப்போகும்போதெல்லாம் ஏரியும் தலைமையின்றி நிற்கக் கூடாது.

தனித்தே இருப்பதிலும் குறை உண்டு. அது பணக்குறையைவிடப் பெரியது. சங்கத்தில் வாக்குரிமை ஆயக்கட்டு நிலவுடைமையாளருக்கே. குத்தகைக்குப் பயிரிடுபவர், வயலில் கூலி வேலை செய்யும் பெண், உப்பளத் தொழிலாளி, கழிமுகத்தில் மீன்பிடிப்பவர் என எவருக்கும் அதில் குரல் இல்லை. ஏரி நிரம்பினாலும் வற்றினாலும் முதலில் பாதிக்கப்படுவோர் இவர்களே. கிராம சபையில் வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். சங்கம் தன் தேர்தலையும் மதகையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கையும் வேலைத் திட்டத்தையும் கிராம சபை முன் வைப்பதாக ஏற்பாடு செய்யலாம். ஊராட்சி அதற்கு ஓர் எழுத்தரையும், ஊரக வேலைத் திட்டப் பணிகளில் உரிய பங்கையும் தரலாம். பல ஊராட்சிகளுக்குப் பொதுவான ஏரிகளை மாவட்டத் திட்டக் குழு கவனிக்கட்டும். அரசமைப்புச் சட்டம் அக்குழுவுக்கு வகுத்த கடமைகளில் நீர்ப் பகிர்வும் ஒன்று.

ஊராட்சியில் சாதியும் கட்சியும் நுழையும் என்பார்கள். சங்கத்தில் மட்டும் அவை நுழையவில்லையா என்ன? வேறுபாடு, ஊராட்சியில் அது பொதுவெளியில் நடக்கிறது என்பதே.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இக்கடலோரத்தில் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் எந்தக் கரைக்கு எவர் மணல் மூட்டையுடன் செல்வது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இல் தமிழகமெங்கும் கிராம சபை கூட வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அன்று ஏரிச் சங்கத் தலைவரை அழைத்துக் கணக்குக் கேட்கவும், மழைக்காலப் பொறுப்புகளைத் தீர்மானமாகப் பதிவு செய்யவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நிதியையும் ஊழியரையும் இணைப்பதற்கு மட்டுமே அரசாணை வேண்டும்.