பேஸ் என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'பேஸ்' என்ற சொல்லின் முதற்பொருள், ஒன்றைக் கீழிருந்து தாங்குவது. காலடி, பீடம் என்று பொருள்படும் 'பாசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. தமிழின் 'அடி'யும் பாதத்தையும் ஒரு பொருளின் கீழ்ப்பகுதியையும் சேர்த்தே குறிக்கிறது. ஆங்கிலம் அந்த ஒரே சொல்லை எல்லாத் துறைக்கும் கொடுத்தது. தமிழ் துறைக்கொரு சொல் வைத்தது.

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் சாலையில் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளிக்கு வந்ததும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. அது மலையின் பேஸ், தமிழில் அடிவாரம். வீடு கட்டும்போது வாணம் தோண்டி நிரப்புவது அஸ்திவாரம். அதற்குமேல், தரை உயரத்துக்கு எழுப்புவதைக் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'பேஸ்மென்ட்' நிலத்துக்குக் கீழே இருக்கும் அறை. நம் ஊரில் அது நிலத்துக்கு மேலே வந்துவிட்டது.

பள்ளிக் கணக்கில் முக்கோணத்துக்கு அடிப்பக்கம். எந்தப் பக்கத்தையும் அப்படிக் கொள்ளலாம். எண்களுக்கு அடிமானம்: பத்தின் அடிமானத்தில் 13 என்பது இரண்டின் அடிமானத்தில் 1101.

வேதியியலில்தான் மாணவர் திகைக்கிறார். அங்கே பேஸ் என்றால் காரம். தாங்குவதற்கும் காரத்துக்கும் என்ன தொடர்பு? 1754இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரூயெல் இப்பெயரை விளக்கினார். அன்று அறியப்பட்ட அமிலங்களில் பல, சூடாக்கினால் ஆவியாகிவிடும் நீர்மங்கள். அவற்றோடு சேர்ந்து, திடமான உப்பாக நிற்கவைக்கும் பொருளே பேஸ். அமிலத்துக்கு அது காலாக நிற்கிறது. தமிழ்ச் சொல் வேறு வழியில் வந்தது. சவுக்காரம், வெண்காரம் என்று வீட்டிலும் மருந்துக் கடையிலும் புழங்கியது. காரத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம்: வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் சவுக்காரத்தைத் தேய்த்தால் கறை சிவக்கும். டி.என்.ஏ.வின் நான்கு 'பேஸ்'களும் இந்த வேதியியல் பொருளில் வந்தவையே.

டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் பாடநூல் தரும் பெயர் அடிவாய். 1947இல் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டரில் ஒரு ஜெர்மானியத் துண்டு அடியில் கிடந்தது. அதன்மேல் இரண்டு தங்க முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன. அடியில் இருந்ததால் துண்டுக்குப் பேஸ் என்று பெயர். பின்னர் வந்த சந்தி டிரான்சிஸ்டரில் அடிவாய் அடியில் இல்லை. உமிழ்ப்பானுக்கும் ஏற்பானுக்கும் நடுவே மெல்லிய அடுக்காக இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.