காரை உதிரும் சுவர்

கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் தேடி ஓடுகிறோம். ஆனால் பழைய செங்கற் சுவரின் சந்துகளிலிருந்து காரை மாவு மாவாக உதிர்ந்தால், துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். சில வருஷங்களில் சந்துக்குள் விரல் நுழைகிறது; மழை ஜலமும் நுழைகிறது. அப்போதுதான், "நல்ல கெட்டிச் சிமிண்டாகப் போட்டு அடைத்துவிடும், மேஸ்திரி!" என்று உத்தரவு பிறக்கிறது.

அபாயம் அந்த உத்தரவில்தான் இருக்கிறது.

சாந்து எவ்வளவு கெட்டியோ, சுவரும் அவ்வளவு கெட்டி என்பது நமது எண்ணம். உண்மை வேறு. சாந்து செங்கல்லைவிட மிருதுவாயிருப்பதே சுவருக்கு க்ஷேமம். சுவர் வெயிலில் சற்று விரிகிறது; குளிர்ச்சியில் சுருங்குகிறது. சுண்ணாம்புக் காரை அந்த அசைவுக்கு இடம் கொடுக்கிறது. உள்ளே புகுந்த ஈரமும் காரையின் நுண்ணிய துவாரங்கள் வழியாக வெளியேறிவிடுகிறது. ஈரத்துடன் வரும் உப்பு காரையை அரிக்கிறது, செங்கல் பிழைத்துக்கொள்கிறது. செங்கல்லுக்காகத் தான் தேய்வதே காரையின் தொழில்.

அவ்வழியைச் சிமிண்டால் அடைத்துவிட்டால் ஈரம் என்ன செய்யும்? செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் உறைந்து பருத்து, முகத்தைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்கும். நாளடைவில் சிமிண்டுக் கோடுகள் மட்டும் துருத்தி நிற்க, நடுவே செங்கற்கள் குழிந்துபோகும். போன காரைக்குப் பதில் புதுக் காரை வைக்கலாம். போன செங்கல்லுக்கு என்ன செய்வது?

இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்பவர் 'போர்ட்லண்டு' சிமிண்டுக்கு உரிமை பெற்றது 1824-ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன் எழுந்த நமது அரண்மனைகளும் மதில்களும் அதை அறியா. அதன் பிறகும் நெடுங்காலம் இங்கே சுண்ணாம்பே ஆட்சி செலுத்தியது. சிமிண்டாலேயே கட்டிய இக்கால வீடுகளுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. தாத்தா காலத்து வீடுகளுக்குத்தான் தேவை.

இனி, செய்யும் முறையைக் கேளுங்கள். முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்: ஒழுகும் தூம்பு, சுவரில் முளைத்த அரசங்கன்று முதலியவை. பிறகு, உளியும் சுத்தியும் கொண்டு உதிர்ந்த காரையைச் சுமார் ஓர் அங்குல ஆழத்துக்குக் கிளறி எடுக்க வேண்டும். மின்சாரச் சக்கரத்தால் அறுத்தால் செங்கல்லின் ஓரமும் போய்விடும். தூசியைத் துடைத்து, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் சாந்தின் ஜலத்தை உறிஞ்சிவிடும்.

நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும், உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கும் சேர்த்து நன்றாக அரைத்துக் கொள்ள வேண்டும். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். குழந்தைகள் அருகில் வரலாகாது. சாந்தைச் சந்தில் ஒரே தடவையாக அடைக்காமல், அடுக்கடுக்காக வைத்து அழுத்த வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பதியாத நிலை வந்ததும் அடுத்த அடுக்கை வைக்கலாம்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் மெல்ல இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஆகையால் கடும் வெயில் படாமல் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து வர வேண்டும். தை, மாசி மாதங்களில் வேலையை முடித்தால், ஐப்பசி மழை வருவதற்குள் சுவர் நன்றாகத் தேறிவிடும்.